நின்று பார்க்க ஒரு சாக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன்னால் உங்கள் வாசகர் கடிதங்கள் பகுதியில் ஓர் அன்பர், கேமராவும் கையுமாக அலைகிறவர்களைப் பற்றி மனம் நொந்து எழுதியிருந்தார். கோயிலில் நிம்மதியாகச் சாமி கும்பிட முடியவில்லை, கல்யாண வீட்டில் தாலி கட்டுவதைக் கண்ணால் பார்க்க முடியவில்லை, எங்கே திரும்பினாலும் யாராவது ஒருவர் படம் பிடித்துக்கொண்டு குறுக்கே நிற்கிறார் என்பது அவர் வருத்தம். அதில் நியாயம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கடிதத்தின் கடைசியில், இதில் இவர்களுக்கு அப்படி என்னதான் கிடைக்கிறது என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. யாராவது பதில் எழுதுவார்கள் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன், வரவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு 62 வயது. பிறந்தது குடியாத்தம், வாழ்க்கைப்பட்டு வந்தது வேலூர் கொசப்பேட்டை. 1984-ல் தொலைபேசி இலாகாவில் ஆபரேட்டராகச் சேர்ந்து, 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இது வட ஆற்காடு மாவட்டம். 1989-ல் திருவண்ணாமலை தனியாகப் போனது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் போயின. என் வாயில் இன்னும் வட ஆற்காடுதான் வருகிறது. போட்டோ எடுப்பது என் தொழில் இல்லை, அதில் ஒரு பைசா சம்பாதித்ததும் இல்லை.

என் வீட்டில் ஒரு பழைய படம் இருக்கிறது. இரண்டேகால் அங்குலச் சதுரம், கறுப்பு வெள்ளை. 1971 வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் எங்கள் வீட்டு வாசலில் எடுத்தது. எனக்கு அப்போது எட்டு வயது.

சித்தப்பாவிடம் ஓர் ஆக்ஃபா க்ளிக் 3 கேமரா இருந்தது. கறுப்பாக, கைக்கு அடக்கமாக இருக்கும். வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி, திருப்புவதற்கு அதில் பெரிதாக வேறொன்றும் கிடையாது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ரோல் நம் ஊட்டியில் தயாரான இந்து ரோல். அந்தத் தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள். பன்னிரண்டில் யாருக்கு எத்தனை என்று வீட்டில் முதல் நாள் ராத்திரியே கணக்குப் போட்டுவிடுவார்கள். தாத்தாவுக்கு ஒன்று, புதுசாகக் கல்யாணம் ஆன அத்தைக்கும் மாமாவுக்கும் இரண்டு, ஆண் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று. ஆயா கணக்கில் வரமாட்டாள். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று அவள் கேமராவைக் கண்டாலே அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளைக் கூப்பிட்டு நிறுத்த யாருக்கும் தோன்றியதும் இல்லை.

அன்றைக்கு என் முறை வந்தது. பட்டுப் பாவாடை கட்டி நிறுத்தியிருந்தார்கள். தலையில் வைத்த கனகாம்பரம் நழுவுகிறது என்று ஆயா பின்னால் வந்து அதைச் செருகினாள். செருகிவிட்டு என் தோளில் கை வைத்தாள். சித்தப்பா அழுத்திவிட்டார்.

அந்தக் கேமராவில் நாம் பார்க்கிற கண்ணாடி மேலே, படம் பிடிக்கிற லென்ஸ் கீழே. கொஞ்சம் பக்கத்தில் போய் எடுத்தால் கண்ணுக்குத் தெரிகிற மேல்பக்கம் பிலிமில் வராது. அதோடு சித்தப்பா குறி வைத்ததும் என்னைத்தான். படத்தில் நான் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறேன். பின்னால் ஆயாவின் சேலை, ரவிக்கை போடாத தோள், கழுத்தில் கறுப்புக் கயிறு. அதற்கு மேல் படம் முடிந்துவிடுகிறது.

குடியாத்தத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வைகாசி முதல் நாள் எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மனின் சிரசைத் தெருத்தெருவாக ஊர்வலமாகக் கொண்டுவந்து, கோபாலபுரம் கோயிலில் உடலோடு பொருத்துவார்கள். ஆற்றங்கரை முழுக்க ஜனமாக இருக்கும். அந்த நாளில் எடுத்த படத்தில் என் ஆயாவுக்குச் சிரசு இல்லை. 1974-ல் அவள் போய்விட்டாள். அவளை வேறு படம் யாரும் எடுக்கவில்லை.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் என் தோளில் இருக்கிற அந்தக் கை நன்றாகத் தெரியும். பீடி சுற்றிய கை. முனையை மடித்து மடித்து அமுக்கியே கட்டைவிரல் நகம் ஒரு பக்கம் தேய்ந்து போயிருக்கும், அதுகூடத் தெரிகிறது. முகம்தான் எனக்கு ஞாபகத்தில் சரியாக இல்லை. இரண்டு மூக்கிலும் மூக்குத்தி போட்டிருந்தாள். கம்மல் தொங்கித் தொங்கிக் காதுத் துளை நீண்டிருந்தது. சிரித்தால் வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்வாள். இதெல்லாம் தனித்தனியாக ஞாபகம் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் முகம் வருவதில்லை.

சரி, அடுத்து என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாமே நேராக எண்ணைப் போட்டு வெளியூர் பேசுகிற எஸ்.டி.டி. வசதி எல்லா இடத்துக்கும் வருவதற்கு முன்னால் வெளியூர் பேச வேண்டுமென்றால் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். போர்டுக்கு முன்னால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வியாபாரிகள் கான்பூருக்கும் கல்கத்தாவுக்கும் பதிவு செய்வார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள் ஊருக்குச் சேதி சொல்லப் பதிவு செய்வார்கள். மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே போய், மூன்று நிமிடம் ஆச்சு, நீட்டிக்கலாமா என்று கேட்பது எங்கள் வேலை. எத்தனை பேர் அழுதுகொண்டிருக்கும்போது அப்படிக் குறுக்கே போயிருக்கிறேன். பத்து வருடத்துக்கு மேல் எனக்கு உலகம் என்பது குரல்தான். ஒரு குரலை வைத்து வயதைச் சொல்வேன், ஊரைச் சொல்வேன், பொய் சொல்கிறாரா என்றுகூடச் சொல்வேன். எந்தக் குரலுக்கும் முகம் கிடையாது. சாயங்காலம் டூட்டி முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தால் எதிரே இருப்பவர்களின் முகத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டே வருவேன். என்னம்மா பார்க்கறே என்று ஓர் அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். பழுதெல்லாம் என் பக்கம்தான். பார்ப்பதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

1994-ல் பணம் சேர்த்து ஒரு யாஷிகா எம்.எஃப்.2 வாங்கினேன். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை, அதை இங்கே பதிவு செய்ய வேண்டும். மகளுக்கு வள்ளிமலையில் மொட்டையடித்துக் காதுகுத்து. முப்பத்தாறு படத்து கலர் ரோல் ஒன்று போட்டு, முப்பத்தாறையும் நானே எடுத்தேன். ரோலைக் கழுவக் கொடுத்த ஸ்டுடியோக்காரர் மறுநாள் வெறும் பிலிமை வெளிச்சத்தில் காட்டினார். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒன்றுமில்லை. ரோல் ஓடவே இல்லைம்மா என்றார். பிலிமின் நாக்கு எதிர்ப்பக்கத்து உருளையில் சரியாக மாட்டாமல் நழுவியிருக்கிறது. நான் சுற்றச் சுற்ற எண் மட்டும் நகர்ந்திருக்கிறது, பிலிம் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது.

அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தை இன்றைக்கும் பழைய பிலிம் கேமரா வாங்கி வருகிற இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு. மூடியை மூடிய பிறகு இடது பக்கத்துக் குமிழை மெதுவாகத் திருப்பி, தொய்வாக இருக்கிற பிலிமை இறுக்க வேண்டும். அப்புறம் அடுத்த படத்துக்குச் சுற்றும்போது அந்தக் குமிழ் தானாகத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பினால் பிலிம் ஓடுகிறது. திரும்பாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இரண்டு நாள் அழுதேன். ஆனால் மூன்றாம் நாளோ என்னவோ, ஒரு விஷயம் பிடிபட்டது. அந்த முப்பத்தாறும் எனக்கு அப்படியே ஞாபகம் இருந்தன. பத்தர் கம்பியை நீட்டியபோது என் தம்பி, குழந்தை அவன் மடியில் இருக்க, தன் கண்ணை இறுக மூடிக்கொண்டது. சந்தனம் பூசிய மொட்டைத் தலையில் ஓர் ஈ உட்கார்ந்தது. அழுகிற வாய்க்கு நேராக என் அம்மா வாழைப்பழத்தை உரித்துப் பிடித்தது. முப்பது வருடம் ஆகிவிட்டது, வரிசையாகச் சொல்வேன். அதே மகளின் கல்யாணத்தில் நான் கேமராவைத் தொடவில்லை, பெண்ணுக்கு அம்மாவாக ஓடிக்கொண்டிருந்தேன். அந்த நாளில் எனக்கு ஞாபகம் இருப்பது பந்திக்குப் பாயசம் பத்தாமல் போனது மட்டும்தான். கேமராவை வைத்துக்கொண்டால் நிகழ்ச்சியை நேராகப் பார்க்க முடியாது என்று அன்பர் எழுதியிருந்தார். சிலருக்கு அப்படி இருக்கலாம். என் அனுபவம் நேர் எதிர்.

வேறொரு படத்தையும் சொல்லிவிடுகிறேன். 1997 ஏப்ரலில் வால் நட்சத்திரம் வந்தது, ஹேல்-பாப். சாயங்காலம் இருட்டியதும் வடமேற்கே வெறுங்கண்ணுக்கே தெரியும். எங்கள் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாக இருந்த அண்ணன் ஒருவர் செனித் என்ற ரஷ்யக் கேமரா வைத்திருந்தார், ஒரு கல்லைக் கட்டித் தூக்கிய மாதிரி கனம். மொட்டை மாடியில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஷட்டரைத் திறந்தபடி வைத்திருக்கும் கேபிளை என் கையில் கொடுத்தார். இருபது எண்ணு, எண்ணி முடித்ததும் விடு என்றார். அந்த இருபது எண்ணிக்கையும் மூச்சு விடாமல் நின்றேன். படம் வந்தபோது வால் நட்சத்திரம் பஞ்சு மாதிரி இருந்தது. அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது சுற்றியிருந்த நட்சத்திரங்கள்தான். ஒவ்வொன்றும் புள்ளியாக இல்லாமல் சின்னக் கோடாக இழுத்திருந்தது. ஏன் அண்ணா, கேமரா ஆடிவிட்டதா என்று கேட்டேன். கேமரா ஆடவில்லை, பூமி சுற்றுகிறது என்றார். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ முறை படித்த சங்கதி. கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். நம் ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்து வானத்தைப் படம் பிடிக்கிறார்களே, அதே ஆசையில் ஒரு துளி எங்கள் மொட்டை மாடியிலும் இருந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தப் பொழுதுபோக்குக்கு வயது ரொம்ப அதிகம் இல்லை. 1839 ஆகஸ்ட் 19-ல் பிரெஞ்சு அரசு, டாகேர் என்பவர் கண்டுபிடித்த புகைப்பட முறையை உலகத்துக்கு வெளிப்படையாக அறிவித்தது. அந்த நாளைத்தான் உலகப் புகைப்பட நாள் என்று கொண்டாடுகிறோம். அதற்குப் பிறகும் ஐம்பது வருடம் இது மருந்து கலக்கத் தெரிந்தவர்களுடைய வேலையாகத்தான் இருந்தது. 1888-ல் ஈஸ்ட்மன் கோடக் கேமராவை விற்க ஆரம்பித்தார். நூறு படத்துக்குப் பிலிம் உள்ளே இருக்கும், எடுத்து முடித்துக் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பினால் கழுவிப் பிரிண்ட் போட்டு, புதுப் பிலிமும் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். என் சித்தப்பா மாதிரி ஆட்கள் படம் எடுக்க வழி பிறந்தது அங்கேதான். நம் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் மா. கிருஷ்ணன். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா கட்டிக்கொண்டு, அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயரும் வைத்திருந்தார். ஒரு யானையின் காது மடிப்பை அப்படிப் பார்த்த மனிதருக்கு அதில் என்ன கிடைத்தது என்று கேட்டால் என்ன சொல்வார்? யானை கிடைத்தது என்றுதான் சொல்லியிருப்பார்.

ஓய்வு பெற்று இரண்டே மாதத்தில் ஊரடங்கு வந்தது. அது முடிந்து வெளியே விட்டபோது, கைமாறி வந்த நிக்கான் டி3200 ஒன்றை வாங்கிக்கொண்டு காலையில் கோட்டைக்குப் போக ஆரம்பித்தேன். இன்று வரை போகிறேன். அன்பருடைய கேள்விக்கு என் முழுப் பதிலும் அந்த அகழிக் கரையில்தான் இருக்கிறது.

கேமரா வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் வெறும் கையோடு போனேன். அகழித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நின்ற பத்து நிமிடத்துக்குள் ஒருவர், யாருக்காவது காத்திருக்கீங்களாம்மா என்றார். மறுநாள் இன்னொருவர், வீட்ல ஏதாவது பிரச்சனையா என்றார். அக்கறையோடு கேட்டதுதான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அகழி ஓரம் ஒரு வயதான பெண் தனியாக நின்று தண்ணீரையே பார்த்தால் பயப்படத்தான் செய்வார்கள். மூன்றாம் நாள் நானே நிற்காமல் நடந்தேன். நம் ஊரில் பெண்கள் நடக்கலாம், பால் வாங்கலாம், கோயிலைச் சுற்றலாம், பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். ஒரு வேலையும் இல்லாமல் ஓர் இடத்தில் நின்று ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கேமரா கழுத்தில் தொங்கிய நாளிலிருந்து ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. அம்மா போட்டோ எடுக்கறாங்க, ஒதுங்குங்கப்பா என்கிறார்கள். அதே இடம், அதே பெண், அதே தண்ணீர். நின்று பார்க்க ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா அம்மையார் அந்தக் காலத்திலேயே சேலை கட்டிக்கொண்டு பெரிய பிளாஷ் கேமராவைத் தூக்கிக்கொண்டு டில்லியில் தலைவர்களுக்கு நடுவே நின்று எடுத்தாரே, அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவரை எத்தனை பேர் எத்தனை முறை கேட்டிருப்பார்கள் என்று நினைப்பேன்.

கோட்டைக்குக் கிழக்கே மலை. அதனால் சூரியன் தாமதமாகத்தான் மலைமேல் ஏறி எட்டிப் பார்க்கும். அதற்கு முந்திய அரை மணி நேரம் வெளிச்சம் இருக்கும், நிழல் இருக்காது. காற்று இல்லாத நாளில் மதில் கருங்கல் வரிசை அப்படியே தண்ணீரில் தலைகீழாக நிற்கும். சூரியன் மலையைத் தாண்டியதும் ஒவ்வொரு கல்லின் விளிம்பிலும் ஒரு மஞ்சள் கோடு விழும். பத்து நிமிடம், அதிகம் போனால் பதினைந்து. அப்புறம் வேலூர் வெயில் வந்துவிடும், எல்லாம் வெள்ளையாகப் போய்விடும். ஒரு நாள் நீர்க்காகம் ஒன்று முங்கி எழுந்து, கரைக் கல்லில் ஏறிச் சிறகை விரித்துக் காயவைத்தது. நாற்பது நிமிடம் அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். சிறகு ஈரமாக இருக்கும்போது முழுக் கறுப்பு. காயக் காய அதில் பித்தளை மாதிரி ஒரு மினுப்பு ஏறுகிறது. கண் பச்சை. அறுபது வருடமாகக் காக்கா என்று சொல்லிக் கடந்துபோன பறவை.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-லிருந்து, அதாவது சாமியைக் கொண்டுவந்து வைத்த வருடத்திலிருந்து, போகிறேன். கல்யாண மண்டபத்துத் தூண் குதிரைகளை எல்லாரையும் போல நானும் பார்த்திருக்கிறேன். கூரையின் நடுவில் ஒரு பூவும், அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்குகிற கிளிகளும் இருப்பது எனக்குத் தெரிந்தது மூன்று வருடத்துக்கு முன்னால்தான். அன்றைக்குக் கேமரா பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை. வெளிச்சம் எங்கேயிருந்து வருகிறது என்று தேடுகிற பழக்கம் வந்துவிட்டதால் அண்ணாந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

ஞாயிறு காலையில் கோட்டையில் எங்களைப் போல ஐந்தாறு பேர் சேர்வோம். சங்கம் எல்லாம் கிடையாது, டீக்கடை ஒன்றுதான் பொது. ஒவ்வொருவரையும் இதற்குள் இழுத்தது ஒவ்வொன்று. ராணிப்பேட்டையில் லேத் ஓட்டுகிற தம்பி ஒருவர், அவருக்குப் பிடித்தது இயந்திரம்தான். நாலாயிரத்தில் ஒரு பங்கு வினாடி மட்டும் திறந்து மூடுகிற ஒரு சாமான் கையில் இருப்பதே அவருக்குச் சந்தோஷம். அதிலென்ன குறை? ராத்திரி டூட்டி முடித்து வருகிற நர்ஸ் பெண் ஒருத்தி, மணிப்பூர்க்காரி, ஒரு வருடமாக ஒரே வேப்பமரத்தை எடுக்கிறாள். நேராகப் போய்ப் படுத்தால் தூக்கம் வராது ஆன்ட்டி, எதையாவது ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனால் வருகிறது என்றாள். கல்லூரிப் பையன் ஒருவன் தை மாதம் காளை விடும் விழாப் படங்களைப் போட்டு லைக் வாங்கத்தான் ஆரம்பித்தான், அவனே சொல்வான். இந்த வருடம் அவன் கொண்டுவந்து காட்டிய படத்தில் காளையே இல்லை. ஓட்டம் முடியும் இடத்தில் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தன் காளை வருகிறதா என்று எட்டிப் பார்க்கும் ஒரு பெரியவரின் முகம். அந்தப் படத்துக்கு லைக் குறைவு என்றான். ஆனாலும் அதைத்தான் முதலில் காட்டினான்.

இவர்களை எல்லாம்விட நான் அடிக்கடி நினைப்பது இரண்டு மாதமே எங்களோடு இருந்த ஒருவரை. வங்காளத்துக்காரர். மனைவியின் வைத்தியத்துக்காக வந்து சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்துச் சந்து ஒன்றில், அறையிலேயே சமைத்துக்கொள்கிற லாட்ஜில் தங்கியிருந்தார். வேலூர்க்காரர்களுக்கு அந்தச் சந்துகள் தெரியும், கடைப் பலகைகூட வங்காளத்தில் இருக்கும். கையில் பழைய கேனான் ஒன்று. ட்ரங்க் போர்டில் நான் கற்றுக்கொண்ட இந்தி அவரோடு பேசப் போதுமாக இருந்தது. என்னை தீதி என்பார். ஊரில் கேமராவைத் தொட்டதே இல்லையாம், மச்சானுடைய கேமராவாம் அது. ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். போன் செய்தால் அம்மா அழுகிறாள் தீதி, நான் என்ன சொன்னாலும் குரலில் ஏதோ கண்டுபிடித்துவிடுகிறாள் என்றார். எனக்கு அது எப்படி என்று தெரியும். பத்து வருடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் தினம் ஒரு படம் அனுப்ப ஆரம்பித்திருக்கிறார். கோட்டை, அகழி, தள்ளுவண்டியில் குவித்த முள்ளுக் கத்திரிக்காய், மாடு, பூக்கடை. படம் போனால் அம்மா அழுவதில்லையாம். இது என்ன மரம், அந்தக் கத்திரிக்காய்க்கு ஏன் முள் இருக்கிறது, அங்கே மீன் கிடைக்கிறதா என்று கேட்கிறாளாம்.

முதலில் அம்மாவுக்காக எடுத்தார். போகப் போக அவருக்காகவே எடுத்தார். ஒரு நாள் பூக்கடையில் சாமந்தியை முழம் போடுகிற கையை எடுத்துவிட்டு, ஸ்கேன் ரிசல்ட் வர இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது தீதி, இந்த ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை என்றார். ஆபரேஷன் முடிந்து மனைவியோடு காட்பாடியில் ரயில் ஏறியபோது வழியனுப்பப் போயிருந்தேன். அந்த அம்மாவை அப்போதுதான் பார்த்தேன், மெலிந்து, மாஸ்க் போட்டிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் பிளாட்பாரத்தில் நிற்க வைத்து எடுத்தார். ஒரே ஒரு நிமிடம் என்று சொல்லி, நாங்கள் நின்ற இடத்தில் வெயில் கண்ணில் அடிக்கிறது என்று இரண்டு அடி நிழலுக்குள் நகர்த்தினார். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருக்கு அது தெரிந்திருக்காது.

அன்பர் சொன்ன குறைக்கு வருகிறேன். சாமி சன்னதியில் குறுக்கே நிற்பது தப்பு. தண்டவாளத்திலும் அருவிப் பாறையிலும் நின்று எடுப்பது தப்பு மட்டும் இல்லை, உயிர் போகிற காரியம். மாசி மாதம் பாலாற்றங்கரை மயானக் கொள்ளையில் சாமி வந்து ஆடுகிறவர்களின் முகத்துக்கு அரை அடியில் கேமராவை நீட்டுகிறார்கள், பார்க்கவே கூசுகிறது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. நானும் ஒரு தப்பு செய்திருக்கிறேன். ஆஸ்பத்திரி ரோட்டு நடைபாதையில் ஒரு பெண் மருந்துச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பக்கவாட்டு வெளிச்சம் அழகாக விழுந்திருந்தது. எடுத்துவிட்டேன். சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. முகத்தைப் புடவையால் மூடிக்கொண்டாள், என் ஆயா சிரிக்கும்போது மூடுவாளே, அப்படி. அங்கேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கேமராவைக் காட்டி, அவள் கண் முன்னாலேயே அந்தப் படத்தை அழித்தேன். அன்றிலிருந்து கேட்காமல் எந்த முகத்தையும் எடுப்பதில்லை. கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சரி என்கிறார்கள். மீதி இரண்டு பேரிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு வருவேன், அதுவும் லாபம்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள் வாசகர்கள் எடுத்த படம் ஒன்றுக்குச் சின்ன இடம் ஒதுக்குங்கள். பரிசு வேண்டாம், போட்டி வேண்டாம். எங்கே எடுத்தது, எதற்காக அங்கே நின்றார் என்று எடுத்தவரே எழுதின இரண்டு வரி படத்தோடு இருந்தால் போதும். அந்த இரண்டு வரிகளை வாராவாரம் படித்துவந்தால், கடிதம் எழுதிய அன்பருக்கு என்னைவிட நல்ல பதில் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

ஆரம்பித்து வைக்க இத்துடன் ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். போன வைகாசித் திருவிழாவுக்குக் குடியாத்தம் போனபோது, எங்கள் பழைய தெருவில் எடுத்தது. எழுபதைத் தாண்டிய அம்மா ஒருவர், திண்ணையில் மடிமேல் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார். திருவிழா நாளிலும் கணக்குக் கட்டுக்களை முடிக்க வேண்டியிருந்ததாம். கட்டைவிரல் நகம் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், பாருங்கள். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்திரிகைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். அனுப்பிக்கோ, பேர் மட்டும் போடாதே என்றார். உங்கள் பக்கத்தில் இடம் பத்தாமல் போனால் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். முறம் போனாலும் பரவாயில்லை. மேல்பக்கத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர்,
கொசப்பேட்டை, வேலூர்.